கேளுங்கள், தட்டமாட்டேன்

பத்தாம் வகுப்புப் பையன்களை மேய்ப்பது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். போகிற போக்கில் தொன் போஸ்கோவின் பெயரையும் இழுத்துவிட்டேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதி அம்மாக்கள், கொஞ்சம் ஃபாதர்கள், மீதி சம்பந்தப்பட்ட பையன்களே. ஆகவே இந்த முறை சினிமா, அரசியல், கிரிக்கெட் மூன்றுக்கும் விடுமுறை.

■ என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். எங்கள் பங்கில் ‘மாணவர் ஆளுமைப் பயிற்சி முகாம்’ என்று இரண்டு நாள் நடத்துகிறார்கள். அனுப்பலாமா? (ரெ.செ., வேலூர்)

தாராளமாக. மத்தியானம் பிரியாணி போடுவார்கள். மற்ற நேரமெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, “இலட்சியம் வேண்டும், இளைஞனே” என்று மைக்கில் முழங்குவார்கள். கடைசியில் விளக்கை அணைத்து, அப்பா அம்மாவை நினைக்கச் சொல்லி அழவைப்பார்கள். பையன் வீட்டுக்கு வந்ததும் உங்கள் காலில் விழுவான். பதறாதீர்கள், புதன்கிழமைக்குள் சரியாகிவிடும்.

முகாம் மேல் எனக்கு விரோதம் இல்லை. முகாம் முடிந்த அடுத்த ஞாயிறு இவன் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று வீட்டுப் பக்கம் தேடி வருகிற ஆள் யார்? இதை மட்டும் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் பையனை அனுப்புங்கள். “அதற்கு ஒரு கமிட்டி போட்டிருக்கிறோம்” என்றால் பிரியாணியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

■ ஒழுக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? (அ.ம., பாளையங்கோட்டை)

சொல்லிக்கொடுத்தால் பரீட்சையில் எழுதுவான்.

■ தொன் போஸ்கோ என்பது பள்ளிக்கூடத்தின் பெயர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆள் யார்? (கு.வ., சென்னை-11)

இன்றைய வட இத்தாலியில் பெக்கி என்கிற குக்கிராமத்தில் 1815 ஆகஸ்டு 16-ல் பிறந்தவர். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனைப் பறிகொடுத்தார். தாய் மார்கரீத்தா வயலிலும் வீட்டிலும் உழைத்து வளர்த்தாள். பையனாக இருந்தபோதே சந்தையில் வித்தைக்காரர்களைப் பார்த்துப் பார்த்துக் கயிற்றில் நடக்கக் கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வித்தை காட்டுவார். காசு வாங்க மாட்டார். நடுவில் செபமாலையும், காலையில் கோயிலில் கேட்ட பிரசங்கத்தின் மறு ஒலிபரப்பும் இருக்கும். வித்தை முடியாமல் யாரும் எழுந்து போக முடியாது என்பதால் பிரசங்கமும் கேட்டாக வேண்டும். விவரமான பையன்.

1841-ல் குருப்பட்டம் பெற்றார். கஃபாசோ என்ற மூத்த குரு அவரைத் தூரின் நகரத்துச் சிறைகளுக்கு அழைத்துப்போனார். கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கொத்து வேலைக்கும் கூலி வேலைக்கும் பையன்கள் அந்த ஊருக்கு வந்து குவிந்துகொண்டிருந்த காலம். சிறையில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகள். நல்ல உடம்பு, நல்ல மூளை, வேலை எதுவுமில்லாமல் பூச்சிக்கடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரை உலுக்கியது அதுகூட அல்ல. விடுதலையாகிப் போனவன் கொஞ்ச நாளில் அதே அறைக்குத் திரும்பி வந்தான். ஏன் என்று விசாரித்தால், வெளியே அவனுக்கென்று ஒரு ஆள் கிடையாது. சரி, ஜெயிலுக்குப் போகும் முன்பே அந்த ஆள் கிடைத்துவிட்டால்? மனுஷன் மீதி நாற்பத்தேழு வருஷமும் செய்தது அந்த ஆளாக இருப்பதுதான். தன் வழிக்குத் ‘தடுப்பு முறை’ என்று பெயர் வைத்து 1877-ல் ஒரு சின்னக் கட்டுரையும் எழுதினார். காரணம் சொல்லிப் புரியவை, கடவுளைக் காட்டு, அன்பாயிரு: மூன்றே விஷயம். 1888 ஜனவரி 31-ல் காலமானார். 1934-ல் புனிதர் பட்டம்.

■ கோயில் என்றாலே ஓடுகிற பையனிடம் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? (மறைக்கல்வி ஆசிரியை, கும்பகோணம்)

1841 டிசம்பர் 8. தூரினில் அசிசி பிரான்சிஸ் ஆலயத்தில் பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கிறார் புதுச் சாமியார். கோயில்பிள்ளை ஒருத்தர், மூலையில் ஒதுங்கி நின்ற பையனைப் பூசை உதவிக்குக் கூப்பிடுகிறார். தெரியாது என்கிறான். “அப்புறம் இங்கே என்னடா வேலை?” என்று கையில் இருந்த கம்பால் நாலு போடு. அவன் ஓட, போஸ்கோ சத்தம் போடுகிறார்: அவன் என் சிநேகிதன், கூப்பிடு.

பையன் பெயர் பர்த்தலோமேயு கரேல்லி. பதினாறு வயது, கொத்து வேலை. அப்பா? இல்லை. அம்மா? இல்லை. படிக்கத் தெரியுமா? தெரியாது. எழுத? தெரியாது. பாட? தெரியாது. விசில் அடிக்க? பையன் சிரித்துவிட்டான். பாடமெல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்த ஞாயிறு கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

கவனியுங்கள் டீச்சர். ‘தெரியாது’ என்று வரிசையாகச் சொல்லித் தலைகுனிகிற பையனை, ‘தெரியும்’ என்று நிமிரவைக்கிற ஒரு கேள்வி கிடைக்கும்வரை அவர் விடவில்லை. நாம் வாசலிலேயே “போன ஞாயிறு பூசை கண்டாயா?” என்று ஆரம்பிக்கிறோம். அவன் பதில் சொல்லாமல் செருப்பைத் தேடுகிறான்.

■ அடியாத மாடு படியாது. உங்கள் போஸ்கோ இதற்கு என்ன சொல்கிறார்? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்)

மாட்டுக்குச் சொன்னதை மாட்டோடு விடுங்கள் சார். 1877 கட்டுரையிலேயே இருக்கிறது: எந்த விதத்திலும் அடிக்கக் கூடாது, வலிக்க வலிக்க முட்டி போடவைக்கக் கூடாது, காதைத் திருகக் கூடாது. நம்மூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டு எழுதினது போல இருக்கும். காரணமும் சொல்கிறார். சட்டம் தடுக்கிறது, பையனுக்கு ஆத்திரம்தான் வளர்கிறது, அடிக்கிறவர் தானே தரம் தாழ்கிறார். மூன்றாவதைத்தான் நாம் யாரும் யோசிப்பதில்லை.

தண்டனையே கிடையாதா என்றால், உண்டு. வழக்கமான பிரியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதே தண்டனை என்கிறார். நாலு பேர் முன்னால் திட்டாதே, தனியாகச் சொல் என்கிறார். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தினமும் சிரித்துப் பேசுகிறவர் ஒரு நாள் முகம் கொடுக்காவிட்டால் பையனுக்குச் சுருக்கென்று தைக்கும். எந்நேரமும் உர்ரென்று இருப்பவர் இன்னும் கொஞ்சம் உர்ரென்று இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

இன்னொன்று. ஒன்பது வயதில் போஸ்கோ கண்ட கனவில், கெட்ட வார்த்தை பேசிய பையன்களை முதலில் பாய்ந்து அடித்ததே அவர்தான். அடியால் அல்ல, சாந்தத்தால் என்று கனவிலேயே பாடம் கிடைத்தது. உங்களுக்கும் ஒரு நல்ல தூக்கம் வாய்க்கட்டும்.

■ பையன்கள் கூடவே இருக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்குப் பெயர் போலீஸ் வேலைதானே? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், தூத்துக்குடி)

தம்பி, போலீஸ் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்கிற ஆள் உன்னோடு விளையாடிக்கொண்டிருப்பார்.

நான் படித்த விடுதியில் ஒரு பிரதர் இருந்தார். சாயங்காலம் மணி அடித்தால் வெள்ளை அங்கியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிடுவார். ஆட்டம் சுமார். கேன்வாஸ் ஷூவைத் துளைத்துக்கொண்டு கட்டைவிரல் எட்டிப் பார்க்கும். கோல் இல்லை என்றால் எங்களைவிடச் சத்தமாகச் சண்டை போடுவார். ஆனால் எவன் இரண்டு நாளாகப் பந்தைத் தொடவில்லை, எவனுக்கு வீட்டிலிருந்து மணியார்டர் வரவில்லை எல்லாம் அவருக்குத் தெரியும். பந்தைத் துரத்திக்கொண்டே பக்கத்தில் ஓடி வந்து, “ஏன்டா, அம்மாவுக்கு இப்போ தேவலையா?” என்பார். ஓடிக்கொண்டே பதில் சொல்லிவிடுவோம். அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது. அதே விடுதியில் மாடி வராந்தாவில் நின்று பார்க்கிற வார்டனும் இருந்தார். எவன் சுவரேறிக் குதித்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

போஸ்கோவின் கடைசிக் காலத்து வருத்தமும் இதுதான். 1884 மே 10 தேதியிட்டு ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில், பெரியவர்கள் பையன்களோடு விளையாட இறங்குவதை விட்டுவிட்டார்கள், அங்கேயே உறவு அறுந்துவிட்டது என்று புலம்புகிறார். நேசித்தால் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று பையனுக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். நம் அப்பாக்கள் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

■ என் பையன் படு வால். தெருவில் ஒரு கூட்டத்துக்குத் தலைவன் வேறு. நல்ல பிள்ளைகள் குழுவில் சேர்த்தால் அவர்களையும் கெடுத்துவிடுவானோ? (த.ஜெ., சேலம்)

தலைவன் என்றால் பாதி வேலை முடிந்தது. நாலு பேர் அவன் பேச்சைக் கேட்கிறார்கள் அல்லவா?

1857 இலையுதிர் காலம், கார்மஞோலா ரயில் நிலையம். மூடுபனி. ரயிலுக்குக் காத்திருக்கும் போஸ்கோவின் காதில் பையன்கள் கூச்சல் விழுகிறது. எல்லாரையும் அதட்டி ஆட்டத்தை நடத்துகிற ஒரு குரல் தனியாகக் கேட்கிறது. அங்கே போய் நிற்கிறார். கறுப்பு அங்கியைக் கண்டதும் கூட்டம் சிதறுகிறது, தலைவன் மட்டும் இடுப்பில் கை வைத்து “நீ யார், எங்கள் ஆட்டத்தில் உனக்கென்ன வேலை?” என்கிறான். மிக்கேல் மகோனே, பன்னிரண்டு வயது. அப்பா செத்துப்போனார். என்ன தொழில்? சும்மா இருப்பது. சும்மா இருப்பதையே தொழிலாகச் சொல்கிற தைரியம் போஸ்கோவுக்குப் பிடித்துவிட்டது. ரயில் வந்துவிட்டதால் கையில் ஒரு பதக்கத்தைக் கொடுத்து, ஊர் உதவிக் குருவிடம் போய்ப் பேசச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பையன் தூரினுக்கு வந்து சேர்ந்தான். முதல் மாதம் விளையாட்டுதான் எல்லாம். பாடம், செபம் இரண்டும் வேப்பங்காய். பிறகு திடீரென்று சுருண்டுவிட்டான். மற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், என்னால் முடியவில்லையே என்கிற ஏக்கம். இந்த இடத்தில் நாமாக இருந்தால் ஒரு மணி நேரம் உபதேசம் பண்ணியிருப்போம். போஸ்கோ இரண்டு வார்த்தை பேசினார், பாவசங்கீர்த்தனத்துக்கு வழி காட்டினார், எப்போது போவது என்பதை அவனிடமே விட்டார். அதன் பிறகும் மகோனே சத்தக்காரனாகவே இருந்தான். முன்பு சண்டை மூட்டியவன் இப்போது சண்டையை விலக்கத் தொடங்கினான், அவ்வளவுதான் மாற்றம். 1859 ஜனவரியில் நோயில் இறந்தபோது அவனுக்கு வயது பதின்மூன்று முடிந்து சில மாதம். போஸ்கோ அவனுக்காக ஒரு புத்தகமே எழுதினார்.

உங்கள் பையனைச் சேர்த்துவிடுங்கள். நல்ல பிள்ளைகளுக்கும் கொஞ்சம் சத்தம் தேவை.

■ எங்கள் டீச்சர் வாயைத் திறந்தால் “சாவியோ மாதிரி இரு” என்கிறார். சாவியோ கிரிக்கெட் ஆடுவாரா? (பத்தாம் வகுப்பு, நாகர்கோவில்)

சாவியோ கிரிக்கெட் ஆடியதாகத் தெரியவில்லை. ஆனால் உன் கோபம் நியாயமானது. படத்தில் கையைக் கூப்பி வானத்தைப் பார்க்கிற சாவியோவை மட்டும் உனக்குக் காட்டியிருக்கிறார்கள்.

தோமினிக் சாவியோ 1842-ல் பிறந்து, 1854-ல் போஸ்கோவிடம் வந்து, 1857 மார்ச்சில் பதினைந்து நிறையுமுன் போய்ச் சேர்ந்தவன். ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் புனிதனாகியே தீருவது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். குளிர்காலத்தில் மெல்லிய போர்வையோடு படுப்பது, படுக்கையில் கல் போட்டுக்கொள்வது. போஸ்கோ அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தடை செய்தார். போய் விளையாடு, சந்தோஷமாயிரு, பாடத்தைப் படி, கூட்டாளிக்கு உதவு என்று சொல்லி அனுப்பினார். இந்தப் பாதியை உன் டீச்சரிடம் எடுத்துச் சொல்.

இரண்டு பையன்கள் கல்லெறிந்து சண்டை போடக் கிளம்பியபோது, நடுவே சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்று, முதல் கல்லை என் மேல் போடு என்றவன் அவன். இது அமைதிப் பையன் செய்கிற காரியமா?

எனக்குப் பிடித்தது வேறொன்று. 1856 ஜூனில் அவனும் கூட்டாளிகளும் அமலோற்பவ மாதா பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். குழுவில் ஒவ்வொருவனும் விடுதியின் அடங்காப் பிடாரி ஒருவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவனுக்குத் தெரியாமலே. அவனோடு விளையாடு, கணக்குச் சொல்லிக்கொடு, தனியாக விடாதே. பெரியவர்கள் போட்ட திட்டம் அல்ல, பையன்களே பையன்களுக்கு வழிகாட்டியானது. 1859-ல் போஸ்கோவின் சலேசிய சபை தொடங்கிய கூட்டத்தில் உட்கார்ந்தவர்களில் பலர் இந்தக் குழுவில் இருந்த பையன்கள்தாம். சாவியோ மட்டும் அதைப் பார்க்க இல்லை.

■ சாமியார்களுக்குப் பிள்ளையா குட்டியா? வளர்ப்பதைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? (மூன்று பையன்களின் தாய், காரைக்கால்)

அதனால்தான் போஸ்கோ தன் அம்மாவைக் கூட்டிவந்தார். 1846 நவம்பரில் ஐம்பத்தெட்டு வயது மார்கரீத்தா சொந்த வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தூரினுக்கு வந்தாள். கல்யாணச் சீர் விற்பனைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு மழையில் நனைந்துகொண்டு வேலை தேடி வந்த ஒரு பையன் கதவைத் தட்டினான். ஏற்கெனவே வைக்கோல் பரணில் படுக்க இடம் கொடுத்த சில பையன்கள் போர்வையோடு கம்பி நீட்டிய அனுபவம் வீட்டில் உண்டு. இவன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்று அம்மா கேட்கிறாள். போகாதபடி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் மகன். செங்கல்லும் பலகையும் அடுக்கி அடுப்படியில் படுக்கை போட்டார்கள். தூங்கும் முன் உழைப்பு, நேர்மை, சாமி பற்றி அவனிடம் இரண்டு நிமிஷம் பேசினாள் அம்மா. உலகம் முழுக்கச் சலேசிய விடுதிகளில் இன்றும் ராத்திரி செபத்துக்குப் பிறகு பேசுகிற ‘குட் நைட்’ அங்கே ஆரம்பித்ததுதான். இரண்டு மூன்று நிமிஷம் என்பது விதி. மைக் பிடித்தால் விடாத சிலருக்கு இந்த விதியை யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

■ வழிகாட்டி என்ற பெயரில் பையன்களிடம் தவறாக நடந்த செய்திகளைப் படிக்கிறோம். நம்பி எப்படி அனுப்புவது? (பெயர் வேண்டாம், திருச்சி)

சிரிக்க இடமில்லாத கேள்வி. நம்பி அனுப்பாதீர்கள், பார்த்து அனுப்புங்கள். திருச்சபைக்குள் இந்தக் குற்றங்கள் நடந்தன, பல நாடுகளில் மூடி மறைக்கப்பட்டன. அதை மறுப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். 2019-ல் போப் பிரான்சிஸ், புகாரைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஏற்பாடு வேண்டும் என்று சட்டமே போட்டார். நம் நாட்டில் 2012-ன் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குள்ளான பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். ‘நம்ம பங்கின் மானம்’ என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் நேருக்கு நேர் கேளுங்கள். பையனோடு பேசுவது எங்கே? மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என்றால் சரி. ராத்திரியில் தனி மெசேஜ் அனுப்புகிறாரா? இரவு தங்கல் என்றால் எத்தனை பெரியவர்கள்? புகாரை யாரிடம் சொல்வது? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவர் உங்களுக்கு விடை சொல்லிவிட்டார். ஒழுங்கான ஆள் சந்தோஷப்படுவார். மைதானத்தில் நடப்பது நாலு பேர் பார்க்க நடக்கிறது, அதற்காகவும் எனக்கு அந்த வழி பிடிக்கும். பையனிடம் சொல்லிவைக்க ஒரே வாக்கியம்: “இதை அம்மாவிடம் சொல்லாதே” என்று எவர் சொன்னாலும் உடனே அம்மாவிடம் சொல். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

■ நாங்கள் இந்துக்கள். பையன் படிப்பது கத்தோலிக்கப் பள்ளி. இந்தக் குழுக்களில் சேர்ந்தால் மதம் மாற்றிவிடுவார்களா? (சு.நா., ஈரோடு)

அவனைக் காலை ஆறு மணிக்கு எழுப்பவே உங்களால் முடியவில்லை என்று அடுத்த பாராவில் எழுதியிருக்கிறீர்கள். மதம் மாற்றுவது அதைவிடக் கடினம்.

நிஜமான பதிலும் சொல்கிறேன். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமய போதனையில் உட்காரவைக்க முடியாது. அரசியல் சட்டம் 28-ஆம் பிரிவு. கத்தோலிக்கப் பையன்கள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போவது நம் பள்ளிகளில் பழைய வழக்கம். போஸ்கோவே கத்தோலிக்கப் பையன்களைக்கூடப் பாவசங்கீர்த்தனம், நற்கருணைக்குக் கட்டாயப்படுத்தாதே என்று எழுதியவர். சேருமுன் திட்டத்தை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்.

■ குழுவில் சேர்ந்தால் சாமியாராக்கிவிடுவார்களோ? எனக்கு ஒரே பையன். (அ.பெ., சிவகங்கை)

ஆசைப்படுவார்கள். போஸ்கோவும் ஒளிக்காமல் ஆசைப்பட்டார். ஆனால் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தையல்காரராகவும் தச்சராகவும் அச்சுக்கோப்பவராகவும் போனவர்கள்தாம்.

■ பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிடையாதா? (ஆறாம் வகுப்பு அண்ணன் மேல் பொறாமைப்படும் தங்கை, காட்பாடி)

காட்பாடியில் இருந்துகொண்டா கேட்கிறாய்? உங்கள் ஊர் ஆக்ஸிலியம் கல்லூரியை நடத்துகிற கன்னியர்கள் யார் என்று நினைத்தாய்? மொர்னேசே கிராமத்துத் தையல் டீச்சர் மரிய மஸரெல்லோவும் போஸ்கோவும் 1872-ல் தொடங்கிய சபை அது, பெண் பிள்ளைகளுக்காகவே. அண்ணனிடம் சொல், வாயடைத்துப்போவான்.

■ அற்புதம், கனவு, காவலுக்கு வரும் சாம்பல் நிற நாய் என்று போஸ்கோ பற்றி ஏகப்பட்ட கதை. எத்தனை நிஜம்? (பகுத்தறிவாளன், தஞ்சாவூர்)

நாயை விடுங்கள். எனக்கு அற்புதமாகப் படுவது ஒரு முத்திரைத் தாள். 1852-ல் தச்சுத் தொழில் பழகப் போன ஒரு பையனுக்காக முதலாளியோடு போட்ட ஒப்பந்தம், போஸ்கோவின் கையெழுத்தோடு இருக்கிறது. பையனை வாய்வார்த்தையால் மட்டுமே திருத்த வேண்டும், வயசுக்கும் பலத்துக்கும் மீறிய வேலை கொடுக்கக் கூடாது, திருநாள்களில் விடுமுறை, கூலி இவ்வளவு. வீட்டு வேலைக்கும் எடுபிடிக்கும் பயிற்சிப் பையன்களை விரட்டியடித்த காலத்தில்! ஒழுக்கம் கற்றுக்கொடுக்க வந்த சாமியார் கூலிக்கும் ஓய்வுக்கும் கையெழுத்து வாங்குகிறார். பண்புப் பயிற்சி என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர், தங்கள் குழுப் பையன் சனிக்கிழமை வேலை பார்க்கிற கடைக்குப் போய் அவன் சம்பளம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள்?

தஞ்சாவூர்க்காரராக இருக்கிறீர்கள், உபரியாக ஒன்று: சலேசியர் இந்தியாவில் முதலில் வந்து பணி தொடங்கிய ஊர் உங்களுடையதுதான். 1906 ஜனவரி, தொமாத்திஸ் என்ற குருவின் தலைமையில். திருப்பத்தூர் கல்லூரி, எழும்பூர்ப் பள்ளி எல்லாம் பின்னால் வந்தவை.

■ இப்படிச் சதா பையன்கள் பின்னால் திரிந்தால் ஊர் என்ன சொல்லும்? (உதவிப் பங்குத்தந்தை, ஊர் வேண்டாம்)

பைத்தியம் என்று சொல்லும். போஸ்கோவை அப்படியே சொன்னார்கள். இரண்டு குருக்கள் காற்று வாங்கப் போகலாம் என்று வண்டியோடு வந்தார்கள், நேரே மனநலக் காப்பகத்துக்குக் கொண்டுபோகும் யோசனையுடன். “நீங்கள் முதலில் ஏறுங்கள்” என்றார். ஏறினார்கள். கதவைச் சாத்தி, சீக்கிரம் ஓட்டு என்று வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டார். அங்கே போய் அவர்கள் தங்களுக்குப் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்கப் படாத பாடு பட்டார்களாம்.

■ இதெல்லாம் போஸ்கோ கண்டுபிடித்ததா? (வே.லூ., மதுரை)

இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ரோமில் பிலிப்பு நேரி இதே போலப் பையன்களோடு ஓடியாடினவர். 1563-ல் அதே ரோமில் யேசு சபையின் லெயூனிஸ், மாணவர்களைக் கூட்டி மாதா சபை தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக் கார்டைன், ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்று இளம் தொழிலாளர்களுக்கு வழி சொன்னார். நம் பள்ளிகளின் ஒய்.சி.எஸ். (இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம்) பிள்ளைகள் அந்த வழிதான். இதில் நான் கார்டைன் கட்சியும்கூட. போஸ்கோ வழியில் பையன் நல்லவனாவான். கார்டைன் வழியில், தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்றும் கேட்பான். இரண்டும் வேண்டும்.

■ செல்போனிலிருந்து பையன்களை எப்படி மீட்பது? (பங்குப் பேரவை உறுப்பினர், செங்கல்பட்டு)

உங்கள் கோயிலை ஒட்டி இருந்த மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபமும் கார் நிறுத்துமிடமும் இருப்பதாக, அதே ஊரிலிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. நீங்களும் பேரவையில் கை தூக்கியிருப்பீர்கள். பையன் எங்கே போவான்?

■ அப்பா துபாயில். வீட்டில் பேச ஆண் துணை இல்லை. பதினாறு வயதுப் பையன் என்னோடு பேசுவதே இல்லை. (ஒரு தாய், ராமநாதபுரம்)

கோபத்தால் அல்ல அம்மா, கூச்சத்தால். சித்தப்பா, தாய்மாமா, பயிற்சியாளர், பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஒரு நல்ல மனிதரை நீங்களே தேர்ந்தெடுங்கள். “பையனைத் திருத்துங்கள்” என்று கேட்காதீர்கள். “வண்டிக்கு ஆயில் மாற்றப் போகும்போது இவனையும் கூட்டிப் போங்கள்” என்று கேளுங்கள். அப்பாவிடம் வாரம் ஒரு நாள் மகனுக்கு மட்டுமே போன் செய்யச் சொல்லுங்கள். மார்க் பற்றிக் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை.

■ வயது 26. ஐ.டி. வேலை. பங்கில் பையன்களுக்கு வழிகாட்டியாக இருக்க ஆசை, ஆனால் மேடையில் பேச வராது. (ஜோ.பி., ஓசூர்)

பேச வராதது முதல் தகுதி. பங்குத்தந்தையிடமும் பெற்றோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், தனியாக வேண்டாம், இன்னொருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், அதே கிழமை, அதே நேரம். ஆன்-கால், ரிலீஸ் என்று அந்த ஒரு மணியைத் தின்னவிடாதீர்கள். இரண்டு ஞாயிறு நீங்கள் வராவிட்டால் பையன்கள் உங்களையும் கமிட்டிக் கணக்கில் எழுதிவிடுவார்கள். முதல் மாதம் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், பட்டப்பெயர் உட்பட. சாமியைப் பற்றி அவர்களே கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரம் கேட்டுவந்து சொல்லுங்கள்.

இந்த ஞாயிறே போங்கள். போகும்போது பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பங்கிலும் பந்தில் காற்று இருப்பதில்லை.